மார்ச்சில் பொறுக்கியது, நவம்பரில் தட்டியது

முதல் மான் கொம்பை நான் கண்டுபிடிக்கவில்லை, மிதித்தேன். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மார்ச் மாதத்தின் மூன்றாவது சனிக்கிழமை. பனி பாதி உருகி, மக்காச்சோளத் தட்டைகளுக்கு நடுவே சேறும் ஐஸுமாகக் கிடந்த வயல். மூன்று மணி நேரம் தரையையே பார்த்து நடந்து கழுத்து வலித்ததுதான் மிச்சம். சரி, காருக்குத் திரும்பலாம் என்று முள்கம்பி வேலியைத் தாண்டிக் குதித்தபோது பூட்ஸுக்கு அடியில் ஏதோ உருண்டது. காய்ந்த குச்சி என்று காலால் தள்ளப் போனேன். குச்சிக்கு நான்கு கிளைகள் இருந்தன. நான்கும் ஒரே பக்கமாக வளைந்திருந்தன.

எடுத்துப் பார்த்தேன். நினைத்ததைவிடக் கனம். உடம்பு முழுக்கத் தேன் நிறம், முனைகள் மட்டும் தேய்ந்து வெள்ளை. தலையோடு ஒட்டியிருந்த அடிப்பகுதி கல்கண்டை உடைத்த மாதிரி சொரசொரவென்று இருந்தது. இடதா வலதா என்று தெரியாமல் என் தலையிலேயே வைத்துப் பார்த்தேன். சுற்றிலும் யாரும் இல்லை. இடது.

வெள்ளைவால் மானுக்கு இருப்பது மாட்டுக் கொம்பு மாதிரி கிடையாது. மாட்டுக் கொம்பின் மேலுறை நம் நகம் போன்ற பொருள், ஆயுசுக்கும் நிற்கும். மானுக்கு இருப்பது முழு எலும்பு, வருடா வருடம் புதிது. ஏப்ரல் வாக்கில் முளைத்து, ரோமம் மூடிய தோலுக்குள் ரத்தம் ஓட ஓட வளரும். ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ மான் அந்தத் தோலை மரத்தில் உரசிக் கழற்றிவிடும். நவம்பரில் இணை சேரும் பருவம், சண்டை எல்லாம் அப்போதுதான். அது முடிந்து டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் இறங்கியதும், கொம்பு மண்டையோட்டில் சேரும் இடத்து எலும்பைச் சில செல்கள் கரைக்கத் தொடங்கும். அப்புறம் ஒரு நாள் ஒரு வேலியைத் தாண்டும்போதோ தலையை உதறும்போதோ கொம்பு கீழே விழும். டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரைக்கும் இது நடக்கிறது. வேலி ஓரம் பார் என்று பண்ணைக்காரப் பெரியவர் சொன்னதன் காரணம் எனக்கு விளங்கியது கொம்பை மிதித்த பிறகுதான்.

அன்று இரவே ஊருக்கு வீடியோ கால் போட்டு அம்மாவிடம் காட்டினேன். எங்கள் ஊர் சத்தியமங்கலம் பக்கம். கேமராவில் கொம்பைப் பார்த்ததும் அம்மா சொன்ன முதல் வார்த்தை, “சாமி, அதைய இங்கெல்லாம் கொண்டாந்துறாத. பாரஸ்ட்டுக்காரங்க புடிச்சுட்டுப் போயிருவாங்க.” அம்மா சொன்னது சரிதான். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டில் தானாக உதிர்ந்து கிடக்கும் புள்ளிமான் கொம்பை எடுத்து வீட்டில் வைத்தாலும் வழக்குத்தான். விஸ்கான்சினில் நிலத்துக்காரரின் அனுமதி இருந்தால் போதும், உதிர்ந்த கொம்பைத் தாராளமாக எடுக்கலாம். மண்டையோட்டோடு சேர்ந்து கிடந்தால் மட்டும் கை வைக்காமல் வனத்துறை வார்டனைக் கேட்க வேண்டும். தேசியப் பூங்காக்களில் எதையும் எடுக்கக் கூடாது.

நான் மார்ச் நடுப்பகுதிக்கு முன்னால் தேடப் போவதில்லை. குளிர்கால முடிவில் மான்கள் எலும்பும் தோலுமாக இருக்கும். படுத்திருக்கும் மானைக் கிளப்பி ஓட வைத்தால், மிச்சமிருக்கும் கொழுப்பையும் அது அந்த ஓட்டத்திலேயே செலவழித்துவிடும். வயோமிங்கில் பல இடங்களில் மே 1 வரை கொம்பு பொறுக்கத் தடை இருப்பதும் இதற்காகத்தான். அந்த மாநிலத்தில் ஜாக்சன் என்ற ஊரின் சதுக்கத்தில் எல்க் என்ற பெரிய மானின் கொம்புகளை அடுக்கி நான்கு மூலையிலும் வளைவு கட்டியிருக்கிறார்கள். பக்கத்து எல்க் சரணாலயத்தில் சாரணர் சிறுவர்கள் பொறுக்கும் கொம்புகள் அதே சதுக்கத்தில் ஏலத்துக்கு வரும். அங்கே அது ஒரு தொழில். எனக்கு இரண்டு கொம்பு கிடைத்தால் போதும்.

ஏன் இரண்டு என்றால், தட்டுவதற்கு. நான் வில்லால் மான் வேட்டையாடுபவன். நவம்பரில் இரண்டு ஆண்மான்கள் மோதும் சத்தத்தைக் கொம்பால் எழுப்பினால், யார் சண்டை போடுவது என்று பார்க்க மூன்றாவது மான் வரும். அதை வில் எட்டும் தூரத்துக்குள் வரவழைக்க இது ஒரு வழி. கடையில் பிளாஸ்டிக்கில் விற்கிறார்கள், பைக்குள் குச்சிகளைப் போட்டும் விற்கிறார்கள். இரண்டையும் ஆட்டிப் பார்த்தேன். பாத்திரக் கடையில் அடுக்கு சரிந்த மாதிரி இருந்தது.

வலது கொம்புக்காக அடுத்த மூன்று வாரம் அலைந்தேன். ஒரே மானின் இரண்டு கொம்புகளும் ஒரே நாளில் விழ வேண்டும் என்பதில்லை. ஒன்று விழுந்து சில நாள் கழித்து இன்னொன்று ஒரு மைல் தள்ளியும் விழலாம். போகப் போக இடங்கள் பிடிபட்டன. தெற்குப் பார்த்த சரிவுகளில் பனி முதலில் உருகும், மான்கள் வெயில் காயப் படுக்கும். அறுவடைக்குப் பின் தானியம் சிந்திக் கிடக்கும் சோயா வயலுக்கும் அந்தச் சரிவுக்கும் நடுவே ஒற்றையடிப் பாதைகள் இருக்கும். பளீரென்ற வெயில் நாளைவிட மேகம் மூடிய நாள் நல்லது, நிழல் ஏமாற்றாது. முழுக் கொம்பைத் தேடக் கூடாது என்பதுதான் நான் கஷ்டப்பட்டுக் கற்றது. புல்லுக்கு மேலே தெரிவது ஒரு முனை, ஒரு விரல் அளவு வளைவு. காட்டில் எல்லாமே நேராகவோ கோணலாகவோ இருக்கும். அவ்வளவு சீரான வளைவு கொம்புக்கு மட்டும்தான் உண்டு.

இரண்டாவது வாரம் கிடைத்தது ஒரு பழசு. சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, நடுவில் அணில் கொறித்த பல்தடம் வரிவரியாக இருந்தது. அணிலும் எலியும் முள்ளம்பன்றியும் கால்சியத்துக்காகக் கொம்பைக் கொறிக்கும், அதனால்தான் தாமதமாகப் போனால் மிச்சம்தான் கிடைக்கிறது. மூன்றாவது வாரம் சரிவின் மேல், ஜூனிபர் புதர் அடியில், ஒரு வலது கொம்பு. என் இடதின் ஜோடி இல்லை. கிளை மூன்றுதான், கொஞ்சம் மெலிசு, வேறு ஒரு இளம் மான். பரவாயில்லை, தட்டுவதற்கு ஜோடிப் பொருத்தம் பார்க்க வேண்டியதில்லை.

அன்று வீடு திரும்பியபோது கராஜ் வாசலிலேயே மனைவி நிறுத்தினாள். “உள்ள வராதீங்க. எல்லாத்தையும் அங்கயே உதறுங்க.” கால்சட்டையில் நான்கு உண்ணிகள். மான் உண்ணி கடித்தால் லைம் நோய் வரலாம். விஸ்கான்சினில் அது சாதாரணம். குளிர் கொஞ்சம் விட்டதும் உண்ணி விழித்துக்கொள்கிறது என்பது தெரிந்தும் துணியில் பெர்மெத்ரின் என்ற உண்ணி மருந்து தெளிக்காமல் போனது என் சோம்பேறித்தனம்.

வேலையை ஆரம்பித்தது மே மாதம். முதலில் பாத்திரம் துலக்கும் சோப்பும் பழைய பல்துலக்கியும் போட்டுத் தேய்த்தேன். பிளீச்சில் ஊறப்போட்டால் பளிச்சென்று ஆகும் என்று ஒரு நண்பர் சொன்னார். செய்யவில்லை. பிளீச் எலும்பை உள்ளிருந்து தின்றுவிடும். தவிர, எனக்கு அந்தத் தேன் நிறம் வேண்டும். அது மான் மரப்பட்டையில் உரசி உரசி ஏற்றிய கறை.

அடுத்து வெட்டு. நெற்றிக்குப் பக்கத்தில் நிமிரும் முதல் கிளை, கொம்பைக் கையில் பிடித்தால் நேராகக் கட்டைவிரல் மேல் வந்து நிற்கும். அதை எடுக்காவிட்டால் முதல் மோதலிலேயே கை கிழியும். கொம்பைத் துணி சுற்றி வைஸில் பிடித்து ஹாக்ஸா பிளேடால் அறுத்தேன். இரண்டு இழுப்பில் கராஜ் முழுக்க முடி பொசுங்கிய நாற்றம், பல் டாக்டர் அறையில் வருமே, அதே தான். மாஸ்க் இல்லாமல் செய்யக் கூடாது, அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. வெட்டு முகத்தைப் பார்த்தால் வெளிவட்டம் தந்தம் மாதிரி கெட்டியாகவும், நடுப்பகுதி ரஸ்க் மாதிரி துளைதுளையாகவும் இருந்தது. சத்தம் வருவது அந்த வெளிவட்டத்தால்தான். மற்ற கிளைகளின் கூர்முனைகளிலும் அரை அங்குலம் நறுக்கி, அரத்தால் உருட்டி, 120 ஆம் நம்பர் உப்புத்தாளில் தொடங்கி 400 வரை தேய்த்தேன்.

துளை போடும்போதுதான் சொதப்பினேன். கயிறு கோர்க்க அடிப்பகுதியில் கால் அங்குலத் துளை வேண்டும். அந்த மணிமணியான மேற்பரப்பில் ட்ரில் பிட் நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டு போய்ப் பக்கத்தில் இரண்டு அங்குலத்துக்கு ஒரு கீறல் போட்டது. கோபத்தில் வேகத்தைக் கூட்டி அழுத்தினேன், புகை வந்தது. பிட் நீலமாகிவிட்டது. அன்றைக்கு மூட்டை கட்டிவிட்டு, மறுநாள் அரத்தால் ஒரு சிறு தட்டை இடம் பண்ணி, ஆணியால் குழி போட்டு, மெதுவான வேகத்தில் நடுநடுவே ஆறவிட்டுப் போட்டேன். வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. கீறல் இன்னும் இருக்கிறது.

அணில் கொறித்த பழைய கொம்பையும் இதே மாதிரி தயார் செய்து மூன்றையும் தட்டிப் பார்த்தேன். புதுக் கொம்புகள் இரண்டும் மோதினால் “டக்” என்று, நல்ல தேங்காயை விரலால் சுண்டினால் கேட்குமே, அப்படி ஒரு நிறைவான சத்தம். பழசோடு மோதினால் கீறல் விட்ட பானை. வெயிலிலும் மழையிலும் வருடக்கணக்கில் கிடந்தால் கொம்பு காய்ந்து உள்ளுக்குள் விரிசல் விடுகிறது, சத்தம் செத்துவிடுகிறது. பழசை மகளிடம் கொடுத்துவிட்டேன். அவள் மேஜையில் பேனா ஸ்டாண்டு மாதிரி ஏதோ ஒன்றாக இருக்கிறது.

புதுசு இரண்டும் காயாமல் இருக்க ஆளி விதை எண்ணெய் ஒரு கை தடவினேன். இது இரண்டாவது தவறு. எண்ணெய் பிடித்தது, ஆனால் வாசனை போகவே இல்லை. மான் மூக்குக்கு அது ஊர்வலம் போவதற்குச் சமம். இரண்டு மாதம் வெளிக் கொட்டகையில் காற்றாடத் தொங்கவிட வேண்டியதாயிற்று. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். கம்பியில் விரித்துக் காயவிட்டுத்தான் குப்பையில் போட வேண்டும்.

கயிறு பாராகார்டு, இரண்டரை அடி. கழுத்தில் மாட்டி நடந்தால் இரண்டும் அடித்துக்கொண்டு, எனக்கு முன்னால் ஒரு சண்டை காட்டுக்குள் போகிறது. பழைய சைக்கிள் டியூபில் ஒரு வளையம் வெட்டி இரண்டையும் சேர்த்துப் போட்டேன், அடங்கியது. ஜூலையில் கொல்லைப்புறத்தில் ஒத்திகை பார்த்தபோது பக்கத்து வீட்டு நாய் கால் மணி நேரம் குரைத்தது. நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன்.

இதற்கு நடுவே வில்லையும் பார்க்க வேண்டியிருந்தது. என்னுடையது காம்பவுண்ட் வில், 60 பவுண்ட் இழுவை. முழுக்க இழுத்து நிறுத்தினால் இரண்டு முனையிலும் உள்ள கேம் என்ற சக்கரங்கள் பாரத்தை வாங்கிக்கொள்ளும், கையில் 12 பவுண்ட்தான் நிற்கும். மிசௌரியில் ஹாலிஸ் வில்பர் ஆலன் என்பவர் 1969ல் காப்புரிமை வாங்கிய உருப்படி. விஸ்கான்சின் சட்டம் மான் வேட்டைக்குக் குறைந்தது 30 பவுண்ட் கேட்கிறது. அம்புமுனை குறைந்தது எட்டில் ஏழு பங்கு அங்குல அகலம் இருக்க வேண்டும். ஆகஸ்டில் பயிற்சி முனை சரியாகப் போனது, வேட்டை முனையை மாட்டினால் நான்கு அங்குலம் கீழே விழுந்தது. ஒரு மரச்சட்டத்தில் செய்தித்தாள் ஒட்டி ஆறடி தூரத்திலிருந்து எய்து பார்த்தேன். முனை போட்ட ஓட்டைக்கு மேலே இறகு கிழித்திருந்தது, அதாவது அம்பு வாலைத் தூக்கிக்கொண்டு போகிறது. நாணில் அம்பு பூட்டும் சின்ன வளையத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கினேன். ஏழாவது தாளில் ஒற்றை ஓட்டை, அதைச் சுற்றி மூன்று இறகுக் கீறல். அந்தத் தாள் இன்னும் கராஜ் சுவரில் ஒட்டியிருக்கிறது. மகள் வரைந்த படங்களுக்குப் பக்கத்தில்.

நான் வேட்டையாடும் பண்ணை சாக் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) இருக்கிறது. 1934ல் விஸ்கான்சின் வில்லுக்கென்று தனி மான் பருவம் திறந்தபோது அனுமதித்த இரண்டு கவுண்டிகளில் இது ஒன்று, மற்றது பக்கத்துக் கொலம்பியா. நாட்டிலேயே அதுதான் முதல். மேடிசன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆல்டோ லியோபோல்ட், தன் கையாலேயே வில் செதுக்கியவர், அடுத்த வருடம் இதே கவுண்டியில் ஒரு பாழடைந்த பண்ணையை வாங்கினார். நான் தட்டை வயலில் நடக்கும்போது அவரை நினைக்காமல் இருந்ததில்லை. அவர் மரத்தில் செய்ததை நான் அலுமினியத்தில் வாங்கியிருக்கிறேன் என்ற குற்ற உணர்ச்சியும் கூடவே வரும்.

அக்டோபரில் ஒரு பிணைமான் கிடைத்தது. மரத்தில் பதினைந்து அடி உயரத்தில், இடுப்பிலும் தோளிலும் ஹார்னஸ் கட்டி உட்கார்ந்திருந்தேன். இந்த வேட்டையில் ஆட்களைக் கொல்வது பெரும்பாலும் மரத்திலிருந்து விழுவதுதான், அதனால் தரையிலிருந்தே கயிற்றில் இணைத்துக்கொண்டுதான் ஏறுவேன். 18 கெஜம். அம்பு உடம்பைத் துளைத்து மண்ணில் குத்திக்கொண்டது. எய்ததும் இறங்கி ஓடத் தோன்றும், ஓடக் கூடாது. அரை மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கை நடுக்கம் நிற்கவே பத்து நிமிடம் ஆனது. அம்பில் இளஞ்சிவப்பு ரத்தம், சின்னச் சின்ன நுரை. நுரையீரல். பச்சையாக ஏதாவது தெரிந்திருந்தால் வயிறு. அப்போது வீட்டுக்குப் போய்விட்டு எட்டுப் பத்து மணி நேரம் கழித்துத்தான் வர வேண்டும், இல்லாவிட்டால் அது எழுந்து எழுந்து ஓடி வதைபடும். ஓக் இலைகளில் துளித்துளியாகத் தொடர்ந்து போனேன். எழுபது கெஜத்தில் கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அதன் கழுத்தில் கை வைத்தேன். இன்னும் சூடு. அந்த நேரத்தில் மனசுக்குள் ஓடுவதை இதுவரை மனைவியிடம்கூடச் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை.

மறுநாள் மாலை 5 மணிக்குள் ஆன்லைனில் பதிவு செய்ய வேண்டும், செய்தேன். தலையைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். மானின் மூளையைத் தின்னும் நலிவு நோய் இந்த மாநிலத்தில் 2002ல் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது, அதுவும் எங்களுக்குப் பக்கத்து டேன் கவுண்டியில்தான். முடிவு வரும் வரை கறி ஃப்ரீசரில். நோய் இல்லை என்று வந்த அன்று மிளகு வறுவல். கொழுப்பே இல்லாத கறி, ஆட்டுக்கறிக்கு விடுகிற நேரம் விட்டால் செருப்பாகிவிடும்.

நவம்பர் முதல் வாரம், கொம்புக்கு வேலை வந்தது. விடிகாலை, புல் நுனியெல்லாம் உறைந்திருந்தது. முதலில் முனைகளை மட்டும் லேசாக உரசினேன். அப்புறம் ஒரே மோதல், இருபது வினாடி முறுக்கித் திருகல், விலக்கல், மறுபடி மோதல். சைக்கிள் டியூபை மாட்டிவிட்டு வில்லை எடுத்துக்கொண்டு இருபது நிமிடம் சும்மா இருந்தேன். முதல் இரண்டு நாள் ஒன்றும் வரவில்லை. மூன்றாம் நாள் ஓர் அணில் வந்து என்னைத் திட்டிவிட்டுப் போனது.

நான்காம் நாள் தட்டி முடித்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. கீழே இலை நொறுங்குகிற சத்தம். ஒரு இளம் ஆண்மான், பக்கத்துக்கு இரண்டு கிளை, பிடரி மயிர் சிலிர்க்க ஓடி வந்து 12 கெஜத்தில் நின்றது. காதைப் பின்னால் மடக்கி இடமும் வலமும் தேடியது. சண்டை எங்கே என்று அதற்குப் புரியவில்லை. நான் வில்லைத் தூக்கவில்லை. ஒன்றரை வயசுப் பயல். அடுத்த மார்ச்சில் அவன் என்ன உதிர்க்கிறான் என்று பார்க்கலாமே. மூக்கிலிருந்து வரும் ஆவி தெரிகிற தூரம். ஐந்து நிமிடம் அங்கேயே நின்றான்.

அவனைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் முதுகுப் பக்கத்தை மறந்துவிட்டேன். பெரிய மான் சத்தத்துக்கு நேராக வராது, சுற்றிப் போய்க் காற்று தன் முகத்துக்கு வரும் பக்கமாக நெருங்கும். படித்துத் தெரிந்த விஷயம்தான். பின்னாலிருந்து “ஃபூஸ்ஸ்” என்று ஒரு பெருமூச்சு, நீராவி வால்வைத் திறந்த மாதிரி. திரும்புவதற்குள் வெள்ளை வால் மட்டும் மேலே கீழே ஆடிக்கொண்டு ஜூனிபர் மேட்டில் ஏறி மறைந்தது. இளசும் அதன் பின்னால் போனான். அந்தப் பெரிய மானின் தலையில் என்ன இருந்தது என்று பார்க்கவே முடியவில்லை.

பருவம் ஜனவரியில் முடிந்தது. கொம்புகள் கராஜில் ஆணியில் தொங்குகின்றன. வலதின் நடுக் கிளையில் மோதி மோதி ஒரு சில்லு பெயர்ந்திருக்கிறது, உப்புத்தாள் போட வேண்டும். போன வாரம் போனில் வரைபடத்தைத் திறந்து, அந்த வால் மறைந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்தேன். மேட்டுக்கு அந்தப் பக்கம் வேறொருவர் நிலம். நான் ஒரு தடவைகூட நடந்ததில்லை. அந்த நிலத்துக்காரரைக் கூப்பிட்டு, வேட்டைக்கு இல்லை, மார்ச்சில் கொம்பு மட்டும் பொறுக்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தாராளமாகப் போங்கள், மாடு வெளியே போய்விடும், கேட்டை மட்டும் சாத்திவிடுங்கள் என்றார்.